கிண்ணத்தில் வாய் வைக்காத பியர்டட் டிராகனுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

கேள்வி: எங்கள் வளர்ப்புப் பல்லியான பியர்டட் டிராகனுக்கு இரண்டு வயது. தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மாதமாகக் கழிவின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவும் கட்டியாகவும் வருகிறது. விற்றவரிடம் கேட்டேன். உடல் வறண்டுவிட்டது என்று சொல்லி நீர்ச்சத்துச் சொட்டு மருந்து ஒரு பாட்டிலும், பெட்டிக்குள் பனிமூட்டம் விடும் ஃபாகர் ஒன்றும் வாங்கச் சொல்கிறார். சிரிஞ்சால் தினம் மூன்று வேளை வாய்க்குள் தண்ணீர் விடவும் சொன்னார். செய்யலாமா? பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை என்கிறார்.

பதில்: முதலில் அந்த சிரிஞ்சைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் டிராகன் வாயைத் திறக்கும்போது நாக்கு முடியும் பின்பக்கத்தில் பாருங்கள். சின்னதாக ஒரு துளை திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். தொண்டைக்குள் ஆழத்தில் இல்லை, வாயைத் திறந்தாலே தெரியும் இடத்தில் இருக்கிறது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானமும் அதற்குக் கிடையாது. அதனால் தவறிப்போன தண்ணீரை நம்மைப் போல இருமி வெளியே தள்ள முடியாது. வாயைப் பிடித்துத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம். வறட்சி என்று நினைத்து வீட்டில் வைத்தியம் செய்து, மூக்கில் குமிழியோடு தூக்கி வரப்படும் டிராகன்கள் எங்களுக்குப் புதிதல்ல.

தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விடுங்கள். சிரிஞ்ச், டிராப்பர், விரல் நுனி, எதுவானாலும் சரி. சொட்டு வாயோரமாக வழியும்போது நாக்கை நீட்டி நக்கும். நக்கினால் இன்னொரு சொட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். சில நாளில் உங்கள் கையில் டிராப்பரைப் பார்த்ததுமே நக்கத் தயாராகிவிடும்.

கிண்ணத்தைப் பார்ப்பதில்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது நோய் இல்லை. இந்த இனம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. அங்கே தேங்கி நிற்கும் தண்ணீர் அபூர்வம். மழை வந்தால் பின்புறத்தைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி நின்று, உடம்பில் வழிந்து வாய்க்கு வரும் நீரைக் குடிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். ஆகவே அசையாமல் கிடக்கும் கிண்ணத்துத் தண்ணீர் பல டிராகன்களுக்குத் தண்ணீராகவே படுவதில்லை. விரலால் கொஞ்சம் அலம்பிவிட்டால், அல்லது மேலிருந்து சொட்டவிட்டால், எட்டிப் பார்க்கலாம். பார்க்காவிட்டாலும் கிண்ணம் இருக்கட்டும். தாழ்வான, ஏறி இறங்கத் தோதான கிண்ணமாகப் பார்த்து, பெட்டிக்குச் சூடு தரும் விளக்குக்கு எதிர்ப்பக்கம், குளிர்ந்த மூலையில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். அதற்குள்ளேயே கழிவு போட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி மாற்றுங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரே அதற்கும் போதும். "ஊர்வனவற்றுக்கான சிறப்புத் தண்ணீர்" என்று விற்பதை வாங்காதீர்கள்.

சரி, கிண்ணத்தில் குடிக்காத விலங்குக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தட்டிலிருந்துதான். இரண்டு வயது டிராகனின் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இலையாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது என்ன சாப்பிடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. விற்றவரும் கேட்டிருக்க மாட்டார். குட்டியாக இருந்தபோது பூச்சியாகக் கொடுத்துப் பழக்கி, வளர்ந்த பிறகும் அதையே தொடரும் வீடுகள்தான் அதிகம். அதிலும் மீல்வார்ம், சூப்பர்வார்ம் போன்ற காய்ந்த தவிட்டில் வளரும் புழுக்களை மட்டும் தின்னும் டிராகனுக்குக் கொழுப்பு சேரும், நீர் சேராது. மஞ்சள் கட்டிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடுகுக்கீரை, டேன்டேலியன் இலை, எண்டைவ், கொல்லார்ட் போன்ற கீரைகளைக் கழுவி, உதறாமல், ஈரத்தோடே நறுக்கி வையுங்கள். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இலையின் மேல் நிற்கும் சொட்டு அதற்குமேல் லாபம். காலையில் விளக்கு போட்டு, அது கொஞ்சம் சூடேறிய பிறகு தட்டை வைத்தால் பசியோடு வரும். பசலைக்கீரையை வாடிக்கையாக வைக்க வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளரியும் வெளிர் லெட்டூஸும் நீர் தரும், சத்து தராது. இலையைத் தொடாத பிடிவாதக்காரனை ஏமாற்ற மேலே தூவலாம், அவ்வளவுதான். பூச்சியில் நீர் வேண்டுமென்றால் ஹார்ன்வார்ம், பட்டுப்புழு இரண்டும் நல்லவை. ஹார்ன்வார்மில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். சிள்வண்டு, டூபியா கரப்பான் கொடுப்பவர்கள் முந்தின நாள் அந்தப் பூச்சிகளுக்குக் காய்கறி போட்டு வைத்திருங்கள். பட்டினி கிடந்து வற்றிய பூச்சியால் டிராகனுக்கு எந்தப் புண்ணியமும் இல்லை.

அடுத்தது விளக்கு. தண்ணீர்ப் பிரச்சினைக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விளக்கின் கீழே அது வெயில் காயும் இடத்தில் கல்லின் மேற்பரப்பு சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், எதிர் மூலை 24 முதல் 28. பெட்டி சிறிதாக இருந்தால் எதிர் மூலை என்ற ஒன்றே இருக்காது. முழுப் பெட்டியும் அடுப்பாகி, விலங்கு ஒதுங்க இடமில்லாமல் நாள் முழுக்க மூச்சு வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். வெப்பம் குறைந்தாலும் சங்கடம்தான். செரிக்காது, செரிக்காததால் தின்னாது, தின்னாததால் நீர் போகாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள்மானிகளை நம்பாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக் கல்லை அளந்து பாருங்கள். ஃபாகருக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் ஒரு பகுதியிலேயே வந்துவிடும்.

இப்போது அந்த ஃபாகர். இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்காட்டு விலங்குக்குச் செய்த கருவியைப் பாலை நிலத்து விலங்குக்கு விற்கிறார்கள். ஃபாகர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் பச்சோந்தி, கெக்கோ, பியர்டட் டிராகன் மூன்றின் படமும் அச்சிட்டிருக்கும். மூன்றுக்கும் ஒரே ஈரம் எப்படிப் பொருந்தும் என்று அச்சிட்டவரும் யோசிக்கவில்லை, விற்பவரும் யோசிக்கவில்லை. பியர்டட் டிராகனுக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் தாராளம். நாள் கணக்கில் நனைந்த பெட்டியில் அடைத்தால் நுரையீரல் தொற்று வரும், தோலில் பூஞ்சை வரும். 'மஞ்சள் பூஞ்சை நோய்' என்று வளர்ப்பவர்கள் அஞ்சும் ஒன்று உண்டு. நன்னிஸியாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. தோலில் தொடங்கி உள்ளே இறங்கினால் காப்பாற்றுவது மிகக் கடினம். பெட்டி ஈரமாக இருப்பதும் விலங்கின் உடம்பில் நீர் இருப்பதும் ஒன்றல்ல. காற்றிலிருக்கும் பனியை அது குடிக்காது.

சொட்டு மருந்தின் கதை இன்னும் மோசம். மருந்து என்று எழுதாமல் 'துணைச் சத்து' என்று எழுதிவிட்டால் பல இடங்களில் மருந்துக்குரிய சோதனை எதையும் அது தாண்ட வேண்டியதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு. சிலவற்றில் வைட்டமின் ஏ-யும் டி-யும் கலந்திருக்கும். இவை கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது சிறுநீரோடு போகாது, உடம்பிலேயே சேரும். ஏற்கெனவே கால்சியம் பொடியில் வைட்டமின் டி3 கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேல் இது. நிஜமாகவே வறண்டுபோன விலங்குக்கு உப்புநீரை மருத்துவர் எடை பார்த்துக் கணக்கிட்டு ஊசியில் ஏற்றுவார். அதற்குப் பதிலாக ஒரு பாட்டிலை நீட்டுவது வைத்தியம் அல்ல, வியாபாரம். பூச்சிகளுக்கென்று விற்கும் தண்ணீர் ஜெல் உருண்டைகளை டிராகனுக்கே வைக்கச் சொல்பவர்களும் உண்டு. வைக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "பாலைவன விலங்கு, தண்ணீரே வேண்டாம்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். குறைந்த நீரில் சமாளிக்கத் தெரியும் என்பதற்கும் நீர் வேண்டாம் என்பதற்கும் எவ்வளவோ தூரம்.

குளிப்பாட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்லத்தான் போகிறார்கள். கழிவுத்துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. அதை நம்பிக் குளியலை மருந்தாக எண்ண வேண்டாம். குளிக்கும்போது சில டிராகன்கள் குடிக்கும், பல டிராகன்கள் கழிவு போடும், உரியும் தோல் இளகும். அந்த அளவில் நல்லதே. வாரத்துக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான நீர், முன்கால் முட்டிக்கு மேல் ஏறாத ஆழம், பத்து நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே. துடைத்துக் காயவைத்து, விளக்கு எரியும் பெட்டியில் விடுங்கள். சமையலறைத் தொட்டி வேண்டாம். இவை நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை.

வறட்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? தோலைக் கிள்ளிப் பார்ப்பதெல்லாம் இதனிடம் சரிவராது, பக்கவாட்டில் இயல்பாகவே தொளதொளவென்று இருக்கும். கழிவைப் பாருங்கள். இந்தப் பல்லிகள் கழிவை நம்மைப் போலச் சிறுநீராக வெளியேற்றாமல் யூரிக் அமிலத்தைத் திடமாக வெளியேற்றும். அதுதான் அந்த வெள்ளை. மிருதுவாக, வெள்ளையாக இருந்தால் நிம்மதி. ஒருநாள் மஞ்சளாக வந்தால் பதற வேண்டாம். சுண்ணாம்புக் கட்டி போலக் கெட்டியாகி, மஞ்சளோ ஆரஞ்சோ ஆகி, அதுவே திரும்பத் திரும்ப வந்தால் நீர் போதவில்லை. இப்படியே நீண்டால் யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, மூட்டிலும் உள்ளுறுப்பிலும் படியும் கவுட் என்ற நோய் வரும், சிறுநீரகம் கெடும். கண் குழி விழுவதும், வாய்க்குள் எச்சில் நூல் போல ஒட்டி இழுப்பதும் தள்ளிப்போட முடியாத அறிகுறிகள். பச்சை நிறம் கலந்து வந்தாலும் அப்படியே, அது நீர் சமாச்சாரம் மட்டுமல்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வளர்ந்த டிராகன்கள் குளிர்ந்த, பகல் குறுகிய மாதங்களில் புருமேஷன் என்னும் நீண்ட ஓய்வுக்குப் போவதுண்டு. சில வாரம், சில சமயம் மூன்று மாதம்கூட. தின்னாது, மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும், கழிவு எப்போதாவதுதான். உங்களுடையதற்கு இரண்டு வயது, இது தொடக்கமாகவே இருக்கலாம். இந்தச் சமயத்தில் நான் மேலே சொன்ன தட்டு வைத்தியம் செல்லாது. குளிர்ந்த உடம்பில் உணவு செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், அதனால் தூங்குகிற டிராகனுக்கு ஊட்டாதீர்கள். ஆனால் உணவு நின்றதால் நீரும் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. உணவு வழியாக வந்த நீரும் நின்றுவிட்டது அல்லவா? கிண்ணத்தில் புதுத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தானாக எழுந்து நடமாடும் நாளில் மூக்கு நுனியில் சொட்டு விடுங்கள். தூங்குவதைத் தினமும் எழுப்பிக் குளிப்பாட்டி, ஈரத்தோடு குளிர்ந்த பெட்டியில் விடுவதுதான் பெரிய தவறு.

வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். உண்மையான புருமேஷனில் எடை மிகக் கொஞ்சமே குறையும். பத்து சதவீதம் குறைந்துவிட்டால் அது ஓய்வு இல்லை, நோய். 400 கிராம் டிராகன் என்றால் 40 கிராம். குடலில் ஒட்டுண்ணி உள்ள டிராகனும் இதே மாதிரிதான் சுருண்டு படுக்கும். வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் தூக்கம் தொடங்கும் முன்பே கழிவைச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு வயதுக்குள் இருப்பது படுத்தால் புருமேஷன் என்று நினைக்கவே வேண்டாம். எழும்போது வரிசை இதுதான்: முதலில் வெப்பம், பிறகு தண்ணீர், அது சுறுசுறுப்பான பிறகே உணவு. எழுந்ததும் வரும் முதல் கழிவு கட்டியாக, மஞ்சளாக இருக்கலாம். அடுத்தடுத்தது தெளிய வேண்டும்.

பக்கத்து மருத்துவர் பார்ப்பதில்லை என்றதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. நாய், பூனை, மாடு என்று ஆண்டுக்கணக்கில் படிக்கும் படிப்பில் ஊர்வனவற்றுக்கு ஒதுக்கப்படுவது சொற்பம். விலங்கை விற்க ஒரு கேள்வி கிடையாது, அது நோய்ப்பட்டால் பார்க்க ஆள் கிடையாது. அந்த இடைவெளியில்தான் பாட்டில்காரர்கள் கடை போடுகிறார்கள். தூரமானாலும் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரை இப்போதே கண்டுபிடித்து வையுங்கள், அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவரையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டு ஊசி போட அவர் சம்மதிக்கக்கூடும்.

இன்றே தட்டையும் விளக்கையும் சரிசெய்து இரண்டு வாரம் பாருங்கள். வெள்ளை திரும்பாவிட்டால், அல்லது அதற்குள் கண் குழி விழுந்தால், சாப்பாட்டை அடியோடு நிறுத்தினால், கிளம்புங்கள். ரத்தத்தில் யூரிக் அமில அளவு பார்க்கச் சொல்லுங்கள், பெண்ணாக இருந்தால் முட்டை இருக்கிறதா என்று எக்ஸ்-ரேயும் கேளுங்கள். பெட்டியின் புகைப்படம் ஒன்று, எடைக் குறிப்பு, அன்றைக்கு வந்த கழிவு மூன்றையும் எடுத்துப் போங்கள். கழிவை மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையும் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோனால் ஒட்டுண்ணிச் சோதனைக்கு உதவாது.