பந்து கையை விட்ட பிறகும் பிட்சருக்கு வேலை உண்டு

கேள்வி: கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டுத் திரும்புகிறது. பேஸ்பாலில் தரையில் படாமலே வளைகிறதே, எப்படி?

பதில்: எல்லாம் தையலும் சுழற்சியும் செய்கிற வேலை. பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. நேராக வரும் வேகப்பந்துக்கு, லாட வடிவில் வளைந்திருக்கும் தையலின் குறுக்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பதியும். கட்டைவிரல் அடியில் தாங்கும். பந்து உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. கடைசி நொடியில் விரல்நுனி தையலை இழுத்துவிட, பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகும். அதனால் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்காது. மேலே எழும்புவதாகவே பேட்டருக்குத் தோன்றும். வளைந்து இறங்கும் கர்வ் பந்தில் சுழற்சி முன்னோக்கி. காற்று அதைக் கீழே அழுத்தும். களைப்பில் விரல்கள் பந்தின் மேலேறாமல் பக்கவாட்டில் நழுவினால் சுழற்சி கெட்டு, பந்து இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். பேட்டருக்கு அதைவிட நல்ல பந்து கிடைக்காது.

எங்களைக் கேட்டால் அழகான ஆயுதம், வேகப்பந்துபோல் தோன்றி மெதுவாக வரும் சேஞ்ச்அப்தான். பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்து, வேகப்பந்துக்குக் கை சுழல்கிற அதே வேகத்தில் வீச வேண்டும். பந்து மட்டும் மணிக்கு 13 முதல் 16 கிலோமீட்டர் குறைவாகப் போகும். பலர் கெடுப்பது இங்கேதான். மெதுவான பந்துதானே என்று கையையும் மெதுவாக்கிவிடுவார்கள். பேட்டர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கேள்வி: வீசி முடித்தால் பிட்சர் வேலை முடிந்ததா?

பதில்: பாதிதான் முடிந்தது. அடித்ததும் பேட்டர் ஓடிச் சேரவேண்டிய இடம் முதல் பேஸ். அவருக்கு முன்பே பந்தோடு அதை மிதித்தால் அவர் அவுட். அடித்த பந்து பிட்சரின் இடப்பக்கம், அதாவது முதல் பேஸ் பக்கம், தரையில் உருண்டால் யோசிக்காமல் ஓட வேண்டும். முதல் பேஸைக் காக்கும் சக ஆட்டக்காரர் பந்தை எடுக்க விலகிப்போனால் அந்த பேஸ் காலியாகிவிடும். அதைக் காப்பது பிட்சரின் பொறுப்பு.

ஓடுவதற்கும் ஒரு பாதை உண்டு. நேராக பேஸை நோக்கி ஓடினால், எதிரே வேகமாக வரும் பேட்டர் மீது மோத நேரும். பேஸுக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னதாகவே, பேட்டர் ஓடிவரும் கோட்டுக்கு அருகே போய், அங்கிருந்து கோட்டுக்கு உட்புறமாக, அதையொட்டியே ஓட வேண்டும். பேஸை எட்ட இரண்டு எட்டு இருக்கும்போதே பந்து நெஞ்சு உயரத்துக்கு வந்து சேர்வது நல்லது. முதலில் பந்து, பிறகுதான் பேஸைத் தேடும் கண். வலதுகாலால் பேஸின் உள்விளிம்பை மிதித்து, உடனே மைதானத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அடித்த பந்தை ஒரு கணம் நின்று வேடிக்கை பார்த்தாலே ஓட்டம் தாமதப்பட்டு, அவுட் கை நழுவிவிடும்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் அணியின் பிட்சர் அர்மாண்டோ கலாரகா 26 பேட்டர்களை, ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல், வரிசையாக வீழ்த்தியிருந்தார். 27 பேரையும் அப்படி வீழ்த்தினால் அது அரிய ‘பெர்ஃபெக்ட் கேம்’. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் சக ஆட்டக்காரர் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடியபடியே ஒரு கேட்ச் பிடித்துக் காப்பாற்றியிருந்தார். 27-வது பேட்டர் அடித்ததை முதல் பேஸைக் காத்த மிகேல் கப்ரேரா எடுத்து வீச, கலாரகா முதல் பேஸுக்கு ஓடிவந்து வாங்கி மிதித்தார். நாம் மேலே சொன்ன அதே ஓட்டம். அவுட்தான், ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப், அதாவது அவுட் இல்லை, என்றார். கலாரகா புன்னகைத்துவிட்டு, பந்து வீசும் மேட்டுக்குத் திரும்பி அடுத்த பேட்டரை வீழ்த்தினார். ஜாய்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலாரகாவேதான். வாங்கிய ஜாய்ஸின் கண்களில் நீர். பிட்சர்களைப் பற்றிப் பேசும்போது இதை நாங்கள் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்வி: ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுகிறார்களே, ஏன்?

பதில்: முழங்கை. ஒரு ஆட்டத்தில் சுமார் 100 பந்துகள். ஒவ்வொன்றும் முழங்கையின் உட்புறத் தசைநாரை இழுக்கிறது. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு அது கிழிந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் மறுகையிலிருந்து நாண் எடுத்துப் பொருத்தினார். 1976-ல் திரும்பிய ஜான் 1989 வரை வீசினார். இன்றும் அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான். திரும்பி வீச ஓராண்டுக்குமேல் ஆகும்.

கேள்வி: ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் பிட்சர் வீசிக்கொண்டிருக்கும்போது, சக ஆட்டக்காரர்கள் அவரை விட்டு விலகி உட்காருகிறார்களே, கோபமா?

பதில்: கோபமே இல்லை, மரியாதை. பேசினால் ராசி கெடும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். தாளம் கலையக் கூடாதே என்ற அக்கறை இன்னொரு பக்கம். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1956-ல், யாங்கீஸ் அணியின் டான் லார்சன் அப்படி வீசிக்கொண்டிருந்தபோது, அவராகவே பேச்சுக் கொடுத்தும் சக ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். அன்று லார்சனோடு பேசியவை, பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் யோகி பெராவின் விரல்கள்தான். எந்தப் பந்து, எந்த இடம் என்று பெரா கால்களுக்கிடையே சைகை காட்டுவார். வேண்டாமென்றால் பிட்சர் தலையசைத்து மறுக்கலாம். லார்சன் 97 பந்துகள் வீசினார். ஒரு சைகையையும் மறுக்கவில்லை. கடைசி பேட்டர் வீழ்ந்ததும் பெரா ஓடிவந்து அவர்மேல் தாவிக் கட்டிக்கொண்டார்.