அதிபராக இருந்தவர் சாதாரண உறுப்பினராகலாமா?

கேள்வி: வினாடி வினாப் போட்டிக்குத் தயாராகும் என் மகள், அமெரிக்க அதிபராக இருந்த ஒருவர் பின்னர் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராகப் பணியாற்றினார் என்கிறாள். இங்கே ஓய்வு பெற்ற குடியரசுத் தலைவர் யாரும் மக்களவைக்குப் போட்டியிட்டு நாம் கண்டதில்லை. அவள் சொல்வது உண்மையா? அவருக்கு அது இறக்கம் அல்லவா?
– வாசகி, ஆர்.கே. புரம், புது தில்லி

பதில்: உண்மைதான். அவர் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸின் மூத்த மகன். 1824 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் பிரதிநிதிகள் சபையே அவரைத் தேர்ந்தெடுத்தது. அவரைவிடக் கூடுதல் வாக்குகள் பெற்றிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆதரவாளர்கள் அதை மன்னிக்கவே இல்லை. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக் கூடம் என்று அவர் முன்வைத்த திட்டங்களுக்குக் காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபை, செனட் சபை இரண்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) இடம் கொடுக்கவில்லை. 1828-இல் அதே ஜாக்சனிடம் தோற்றார்.

1830-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைமவுத் தொகுதி மக்கள் அவரைச் சபைக்குத் தேர்ந்தெடுத்தபோது, அதிபராகத் தேர்வானதில் இதில் பாதி மனநிறைவும் தமக்கு இருந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய பொதுவாழ்வின் உச்சம், இறக்கும் வரை அவர் அச்சபையில் பணியாற்றிய ஏறத்தாழ 17 ஆண்டுகள்தாம் என்பது என் துணிபு.

அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதமின்றி ஒதுக்கிவைக்கச் சபை 1836-இல் விதி செய்தது. மனுச் செய்வது அரசியலமைப்பு தந்த உரிமை என்று வாதாடிய ஆடம்ஸ், 1837 பிப்ரவரியில், 22 அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், அது இந்த விதிக்குள் அடங்குமா என்றும் சபாநாயகர் ஜேம்ஸ் போல்க்கிடம் கேட்டார். அடிமைக்கும் மனு உரிமையா என்று, அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களின் உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, அவர்மீது கண்டனத் தீர்மானமே கொண்டுவந்தார்கள். கூச்சல் முற்றிய பிறகுதான், அந்த மனு அடிமை முறை ஒழிப்புக்கு எதிரானது என்பதை அவர் வெளியிட்டார்! அதை யார் எழுதியிருந்தாலும், எழுதியவருக்கு முறையிடும் உரிமை உண்டா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 1844 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது.

இதற்கிடையே 1841-இல், தம் 73-ஆம் வயதில், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது ஆமிஸ்டாட் என்ற கப்பலில் கிளர்ந்தெழுந்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை பெற்றார்கள். 1848 பிப்ரவரி 21 அன்று சபையில் தம் இருக்கையிலேயே சரிந்து விழுந்து, இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு: 17-ஆவது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனும் 1875-இல் காங்கிரஸுக்குத் திரும்பினார், ஆனால் அவர் சென்றது செனட் சபைக்கு. போட்டியில் எந்தச் சபையைக் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.