பழைய டீசல் எஸ்யூவி நெரிசலில் நின்றால் சூடேறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ரேடியேட்டரை மாற்றணுமா?

இப்போதைக்கு வேண்டாம். ஏசி போட்டு ஊர்ந்தால் முள் ஏறுகிறது, 60-ல் ஓட்டினால் தானாக இறங்குகிறது என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் பெரும்பாலும் மேடு ஏறும்போதும், வேகமாக ஓட்டும்போதும்தான் சூடு காட்டும். ஆக, முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

பழைய டீசல் எஸ்யூவிகள் பலவற்றில் பெல்ட்டில் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். அதன் நடுவில் எண்ணெய் நிரப்பிய ஒரு கிளட்ச் உண்டு, சூடேறினால்தான் அது ஃபேனை முழுதாகப் பிடித்துச் சுற்றும். இன்ஜின் நன்றாக ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, இறக்கையைக் கையால் சுழற்றி விடுங்கள். தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல ஒரு இழுவை தெரிய வேண்டும், விட்டதும் நின்றுவிட வேண்டும். மூன்று நான்கு சுற்று சும்மா ஓடினால் உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் கசிந்து போயிருக்கிறது. நடுக் குமிழைச் சுற்றி எண்ணெயோடு கறுப்புத் தூசி அப்பியிருந்தால் அதுவே சாட்சி. இழுவை இருக்கிறது என்பதற்காக அதை நல்லது என்று விட்டுவிடாதீர்கள். முள் ஏறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் ஃபேன் 'ஹோ'வென்று இரைய வேண்டும். சத்தமே இல்லையென்றால் அந்த ஃபேன் கிளட்ச் பிடிக்கவில்லை. இறக்கை நுனியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பேரிங் உடைந்தால் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

உங்களுடையது பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் ஃபேன் என்றால் ஏசியைப் போட்டதும் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே. அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிச் செருகினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மோட்டாருக்குப் போகும் கனெக்டர் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய வண்டியில் இது சகஜம்.

ஃபேன் சரியாக இருந்தால் ஏசி கண்டென்ஸருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் சூடாற்றி) ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் டார்ச் அடியுங்கள். முன்னால் சுத்தமாகத் தெரியும். நடுவில் பூச்சியும் மண்ணும் கம்பளி மாதிரி அடைத்துக் கிடக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் துடுப்புகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். ஃபேனைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? பழைய வேலையில் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் ஃபேன் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. மேலே 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் பார் அளவில் அச்சிட்டிருக்கும். சுமார் 1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, 100-லேயே பொங்கும். அதே அளவில் புதிது போடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள், நீராவி முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. குழாய்த் தண்ணீர் உள்ளே உப்புப் படியவிடும். நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். கையேட்டில் சொன்ன வகையைப் போடுங்கள். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு, இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடான பிறகும் குமிழி ஓயாமல் வந்தால், அல்லது ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, மூடி போட்ட நிலையில், அந்த ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. இன்ஜின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டின் வேலை அது, வீட்டில் முடியாது.

கோளாறு எதுவானாலும், அது சரியாகும்வரை நெரிசலில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரையும் ப்ளோயரையும் முழுதாக வையுங்கள். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். அப்படியும் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.