கராஜ் வாசல்: புளொக் வெடித்ததா, வெல்ச் பிளக்கா?

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு பழைய ஈசுசு எல்ஃப் லொறி இருக்கிறது. ஏறாவூரிலிருந்து பதுளைக்கு அரிசி ஏற்றுகிறேன். இரண்டு கிழமையாக எஞ்சின் புளொக்கின் பக்கத்தில், ஸ்டார்ட்டருக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கசிகிறது. வீட்டு வாசலில் நின்றால் சொட்டு இல்லை. பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் ஏறினால் இரண்டு போத்தல் குறைகிறது. பார்த்த ஒருவர், புளொக் வெடித்துவிட்டது, வேறு எஞ்சின்தான் போடவேண்டும் என்கிறார். வீட்டில் வைத்தே திருத்த வழி உண்டா?
- செங்கலடி வாசகர்

பதில்: தம்பி, எஞ்சின் வாங்கும் கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நாற்பது வருஷம் லொறிக்கு அடியில் படுத்தெழும்பிய முதுகு இது. புளொக் வெடித்தது என்று என் வாசலுக்கு வந்த லொறிகளில் அநேகமானவற்றில் வெடிப்பே இருக்கவில்லை. நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் எனக்கு வெல்ச் பிளக் மேல்தான் சந்தேகம்.

எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்புதான் புளொக். அதை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை எடுப்பதற்காகப் பக்கத்தில் வட்டத் துளைகள் விடுவார்கள். அவற்றை அடைக்கும் கிண்ணம் போன்ற தகர மூடிதான் வெல்ச் பிளக். அது துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால்தான் பீறும். உங்கள் ரேடியேற்றர் மூடியில் 0.9 என்று அடித்திருந்தால், வெளிக்காற்றைவிட 0.9 பார் அதிகமாக அழுத்தம் ஏறும் வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். வாசலில் சொட்டாதது லுணுகலையில் சொட்டுவது இதனால்தான்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கபினைச் சாய்த்து, தாங்கு கம்பியைப் பூட்டுங்கள். அந்தக் கம்பியை நம்பாமல் பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் கொடுப்பது என் பழக்கம், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். புளொக்கை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று பவுடர் காட்டிக் கொடுக்கும். கோட்டின் அடியைப் பார்த்து ஏமாறவேண்டாம், மேல் நுனியைப் பாருங்கள். காற்றாடி தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும். முன்னாலிருக்கும் வோட்டர் பம்ப் ஒழுகி, பழி புளொக்கில் விழுந்த கதைகள் எனக்குத் தெரியும். ஹோஸ் கிளிப்களையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

வெல்ச் பிளக்தான் என்றால் வேலை உங்கள் கைக்குள். எஞ்சின் முழுக்க ஆறட்டும். சூட்டில் ரேடியேற்றர் மூடியில் கை வைத்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஸ்டார்ட்டரை இறக்குங்கள். மொட்டை உளியைப் பிளக்கின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்துத் தட்டினால் மறு ஓரம் வெளியே திரும்பும். குறட்டால் பிடித்து இழுத்துவிடலாம். நடுவில் ஓங்கி அடிக்கக்கூடாது. இருபத்துநாலு வயதில் நான் அடித்தேன். பிளக் புளொக்குக்குள் விழுந்துவிட்டது. காந்தத்தைக் கம்பியில் கட்டி அரை நாள் தூண்டில் போட்டேன். லொறிக்காரர் பக்கத்தில் நின்று, 'மீன் கடிக்குதா தம்பி?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரும்புப் பிளக்காக இருந்ததால் தப்பினேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது.

துளையின் உட்சுவரை எமரித் தாளால் தேய்த்து, வேர்னியரால் விட்டத்தை அளந்து, அதற்குச் சரியான பிளக் வாங்குங்கள். பித்தளையில் கிடைத்தால் அதையே எடுங்கள், துருப்பிடிக்காது. ஓரத்தில் காஸ்கட் பசை மெல்லியதாகப் பூசி, கிண்ணத்துக்குள் அடங்கும் சொக்கட் ஒன்றை வைத்து நேராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்குங்கள். சாய்ந்து இறங்கினால் கழற்றிவிட்டுப் புதிதாக இன்னொன்று போடுங்கள். அதையே நிமிர்த்த வேண்டாம். ஒன்று துருப்பிடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். கைக்கு எட்டுவதையெல்லாம் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சரி, உண்மையிலேயே வெடிப்பு என்றால்? வெளிச்சுவரில் மயிர்க்கோடு போல இருந்தால், அதன் இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளையை வெளியிலிருந்து சுவரளவுக்குப் போடுங்கள், கோடு மேலும் ஓடாது. கோட்டைச் சிறு வாய்க்கால் போலக் கீறி, தின்னரால் எண்ணெய் போகத் துடைத்து, இரண்டு குழாயில் வரும் இரும்புப் பசையைச் சரிபாதி கலந்து அப்பி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். இது பல மாதம் தாங்கலாம். ஆனால் ஏற்றப் பாதையில் பாரம் இழுக்கும் லொறிக்கு இதை நிரந்தரம் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்புங்கள். வார்ப்பிரும்பைச் சூடாக்காமல் ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். எஞ்சினின் மேல்மூடியை இறுக்கும் ஹெட் போல்ட் பக்கம் வெடிப்பு இருந்தாலோ, எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தாலோ, வீட்டு வேலை அங்கேயே முடிந்தது. லேத் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. எஞ்சின் கொதித்ததும் ஏற்றத்தில் நிறுத்தி, ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறீர்களா? அப்படியானால் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் அந்த ஆள் சொன்னது பலிக்கும். வெடிப்புக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

கேள்வி: ரேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாம் என்கிறார்களே?
- சம்மாந்துறை வாசகர்

பதில்: நானும் போட்டிருக்கிறேன், நடுக்காட்டில் இரவு பதினொரு மணிக்கு. சின்னத் துளை அடைபடும், வீடு வந்து சேரலாம். வந்த பிறகு தண்ணீரை வடித்துக் கழுவாவிட்டால் அதே தூள் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பிறகு கசிவு நின்றுவிடும், லொறி கொதிக்கும்.

கேள்வி: ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தானே? நமக்கு ஏன்? எங்கள் கிணற்றுத் தண்ணீர் போதாதா?
- ஆரையம்பதி வாசகர்

பதில்: பக்கத்தில் கடல், மறுபக்கம் வாவி. உங்கள் கிணறு உப்பா இல்லையா என்று தேத்தண்ணியைக் குடித்தாலே தெரியும். அந்த உப்புதான் வெல்ச் பிளக்கைத் தின்கிறது. கூலன்டில் உறையாமல் காக்கும் மருந்தோடு துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் சில பாகை உயரும். கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றரிக்கு என்று போத்தலில் விற்பது போதும். வடித்தெடுத்த பழைய கூலன்டை வாசலில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு, நாய் நக்கினால் செத்துப்போகும். பிள்ளைகள் கைபடாமல் மூடி வையுங்கள்.