நியூயார்க்–லண்டன்: ஒரே தூரம், போக 7 மணி, திரும்ப 8 மணி ஏன்?

இரு நகரங்களுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் சுமார் 5,550 கி.மீ. இதைத்தான் பறக்கும் தூரம் என்கிறோம். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேரும்.

வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். ஆற்றோட்டத்தோடு பரிசல் போவதற்கும் எதிர்த்துத் துழாவுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இந்தக் காற்றின் தயவில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. திரும்பும் விமானங்கள் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று அதைத் தவிர்த்தே பறக்கும்.

கடிகாரத்தை நம்பிக் கணக்கிடாதீர்கள். லண்டனில் காலை 11-க்கு ஏறினால் நியூயார்க்கில் மதியம் 2-க்கு இறங்குவீர்கள். பறந்தது 3 மணி அல்ல, 8 மணி. நேர வித்தியாசம் 5 மணி.

பூமி சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அப்படி நடப்பதில்லை.