சபை மாறினால் துரோகமா?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் மூன்று தலைமுறையாக ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. கமிட்டித் தேர்தல் சண்டையும் கணக்குத் தகராறும் பார்த்து வெறுத்துப்போய், ஒரு வருடமாக எருக்கஞ்சேரி பக்கம் ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறேன். மனசு நிறைகிறது. அப்பாவோ, ‘தாத்தா ஞானஸ்நானம் எடுத்த சபைக்குத் துரோகம் பண்ணுகிறாய்’ என்கிறார். இந்தக் காலத்தில் சபை விசுவாசம் என்று ஒன்று வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தா ஞானஸ்நானம் எடுத்தது எந்த வருடம் என்று அப்பாவிடம் கேளுங்கள். 1947க்கு முன்பென்றால் அது சி.எஸ்.ஐ.யே இல்லை. அந்த வருடம் செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகின. ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் பலர் சேராமல் ஒதுங்கி நின்றார்கள். இதில் யாரைத் துரோகி என்பது?

போர்டில் இருக்கும் பெயருக்கு விசுவாசம் காட்டும் பேச்சு எனக்கு ஒத்துவராது. கணக்குக் கேட்கிறவனை ‘சபை விசுவாசம் இல்லாதவன்’ என்று வாயடைக்கத்தான் அது பெரும்பாலும் உதவுகிறது. சபை தன்னுடையது என்று நினைக்கிறவன்தானே கேட்பான்?

சரி, உங்கள் பக்கம் வருகிறேன். கண் மங்கிய பாட்டி ஒருவராவது உங்கள் வரிசையில் இருந்திருப்பார். பாட்டு நம்பர் சொன்னதும் கீர்த்தனைப் புத்தகத்தைப் பக்கத்தில் நீட்டுவார். நீங்கள் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். இந்த ஒரு வருடத்தில் அவரைப் போய்ப் பார்த்தீர்களா? வேறு இடத்தில் ஜெபிப்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனதைச் சொல்வேன்.

பைபிளில் வரும் ரூத்தைப் புகழாத பிரசங்கியார் கிடையாது. அவள் தன் தேசமான மோவாபை, அதன் தெய்வங்களை, தாய்வீட்டை எல்லாம் விட்டவள். மாமியார் நகோமி என்கிற ஒரு விதவையை மட்டும் விடவில்லை. இன்னொரு மருமகள் ஓர்பாள் முத்தமிட்டு, அழுது, சொல்லிக்கொண்டு போனாள். நகோமி இருவரையுமே ஆசீர்வதித்துத்தான் போகச் சொன்னாள். ஓர்பாளைத் திட்டுவதெல்லாம் நம் ஆட்கள்தான்.

பழைய சபையின் சந்தாவைப் பாக்கி வைக்காதீர்கள், அப்புறம் ஓட்டுரிமைக்குச் சிக்கல் வரும். அங்கே ஜெனரல் பாடி கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள். ஜெப வீட்டுக்கும் போங்கள். ஜெப வீட்டுப் பாஸ்டர் ‘பழைய சபைப் பக்கமே போகக்கூடாது’ என்றால், அவரிடமும் ஒருமுறை கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.