வீட்டில் பதிவானதும் ஸ்டுடியோ ஆல்பமா?

கேள்வி: ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஒரு பழைய மாளிகையில் பதிவானதாகப் படித்தேன். ஆனாலும் அதை ஸ்டுடியோ ஆல்பம் என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: ‘ஸ்டுடியோ ஆல்பம்’ என்ற பெயருக்கும் பதிவு நடந்த கட்டடத்துக்கும் தொடர்பில்லை. ரசிகர்கள் முன்னிலையில் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்தால் அது லைவ் ஆல்பம். முன்பே வெளிவந்த பாடல்களைத் திரட்டினால் அது தொகுப்பு. புதிய பாடல்களை, வேண்டிய மட்டும் திரும்ப வாசித்தும் திருத்தியும், ஒரு முழுப் படைப்பாக உருவாக்கித் தருவது ஸ்டுடியோ ஆல்பம். அந்தக் கணக்கில், 1997-இல் வெளியான ‘ஓகே கம்ப்யூட்டர்’ ரேடியோஹெட்டின் மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பம்.

இடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் இந்த ஆல்பத்தில் அந்த இடமே காதில் விழுகிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த இந்த ஐவரும் 1996-இல் பதிவைத் தொடங்கியது டிட்காட் ஊருக்கு அருகில், ஒருகாலத்தில் ஆப்பிள் பழங்களைச் சேமித்து வைத்த கொட்டகையில். உட்கார்ந்து சாப்பிட இடமில்லை, கழிப்பறை வசதியும் இல்லை. அவரவர் வீடு பக்கத்திலேயே இருந்ததால் வேலையில் மனம் ஊன்றவும் முடியவில்லை. இருந்தும் ‘நோ சர்ப்ரைசஸ்’ உள்ளிட்ட நான்கு பாடல்கள் அங்கேயே ஏறக்குறைய முடிந்தன. அதன் பிறகுதான் பாத் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் கேதரின்ஸ் கோர்ட் என்ற மாளிகைக்குக் கருவிகளோடு குடிபெயர்ந்தார்கள். அப்போது அது நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமாக இருந்தது. பதிவுக் கூடத்தின் கடிகாரக் கெடு இல்லாததால், ‘லெட் டவுன்’ பாடலை அதிகாலை மூன்று மணிக்கு அங்கிருந்த நடனக்கூடத்தில் வாசித்துப் பதிவு செய்ய முடிந்தது.

‘எக்ஸிட் மியூசிக்’ பாடலை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு கிதாரும் குழுவின் பாடகர் தாம் யார்க்கின் தணிந்த குரலும் மட்டுமே இருக்கின்றன. அந்தக் குரலைச் சுற்றி மெல்லிய முழக்கம் ஒன்று தங்கி நிற்கிறதே, அது கருவியால் சேர்த்ததன்று. மாளிகையின் கல் படிக்கட்டில் பாடியதால் சுவர்கள் திருப்பிக் கொடுத்த எதிரொலி. பாட்டின் பாதியைக் கடந்து டிரம்ஸ் நுழையும்போது நெஞ்சை அடைக்கிறதென்றால், அதுவரை அந்தக் கல்லின் வெறுமையைக் கேட்டுப் பழகியிருந்ததுதான் காரணம். குழுவோடு சேர்ந்து தயாரித்தவரும் ஒலிப்பதிவைக் கவனித்தவருமான நைஜல் காட்ரிச், அறைகளின் ஒலியை அடக்காமல் அப்படியே விட்டதை அவருடைய பெரிய கொடையாக நான் கருதுகிறேன். முறையான ஸ்டுடியோவுக்கும் இதில் பங்குண்டு: வயலின் முதலிய தந்தி வாத்தியங்கள் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவாயின.

கேள்வி: ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘ஏர்பேக்’கில் வரும் டிரம்ஸ் இயந்திரம் வாசித்ததா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வாசித்தவர் மனிதர்தான், டிரம்ஸ் கலைஞர் ஃபில் செல்வே. டிஜே ஷேடோ என்ற அமெரிக்கக் கலைஞரின் பாணியில் மனம் பறிகொடுத்த குழு, செல்வே வாசித்த நீண்ட பதிவிலிருந்து சில வினாடிகளை மட்டும் எடுத்து, மெக்கின்டாஷ் கணினியில் வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டது. தாளம் ஓரிடத்தில் இடறுவது போலவும் உடனே எழுந்து நடப்பது போலவும் கேட்பது இதனால்தான். விபத்திலிருந்து உயிர் தப்பியவனைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் அமைந்திருக்காது. இதே ஆல்பத்தின் ‘ஃபிட்டர் ஹேப்பியர்’ பகுதியில், ஒழுங்கான வாழ்க்கைக்கான அறிவுரைகளை உணர்ச்சியில்லாமல் ஒப்பிக்கும் குரல்தான் உண்மையில் இயந்திரத்தினுடையது. மெக்கின்டாஷின் செயற்கைக் குரலையே அங்கே பேச வைத்திருக்கிறார்கள்.